வேலையை விட்டுப் போனால் எதை இழப்பார்?

கட்டாய உழைப்பு என்றதும் சங்கிலி, சாட்டை, பூட்டிய கதவு என்றுதான் மனதில் படம் ஓடுகிறது. சட்டம் எழுதுகிறவர்களும் அதே படத்தை வைத்துக்கொண்டு எழுதுவதால்தான் பாதி ஓட்டைகள். நிஜத்தில் கதவு திறந்தே கிடக்கும், ஆள் போகமாட்டார். போனால் நான்கு மாதச் சம்பளப் பாக்கி கைக்கு வராது. ஏஜென்ட்டுக்காக வாங்கிய கடன் வட்டியோடு நிற்கும். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். விசாவும் அவர் கையெழுத்தில் தொங்குகிறது. அதனால் ஒரு நாட்டின் கொள்கை உருப்படியா என்று பார்க்க எனக்கு ஒரு கேள்வி போதும்: இந்தத் தொழிலாளி இன்று வேலையை விட்டு நடந்தால் எதையெல்லாம் இழப்பார்?

1930-ல் வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 29-ஆம் உடன்படிக்கை சொல்லும் வரையறையில் இரண்டு பாகம்தான்: தண்டனை மிரட்டல், தானாக முன்வராமை. தண்டனை என்றால் அடி உதை மட்டுமில்லை. உரிமையையோ சலுகையையோ பறிப்பதும் சேரும். ‘அவனே கையெழுத்துப் போட்டு வந்தான்’ என்ற வாதமும் எடுபடாது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமில்லை. முதல் நாள் உண்மையாகவே விரும்பி வந்தவருக்கும் விலகும் உரிமை உண்டு.

அந்த அமைப்பும் கூட்டாளிகளும் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-ல் உலகெங்கும் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அவர்களைப் பிடித்துவைக்கும் வழிகளில் முதலிடம் அடிக்கு இல்லை, சம்பளத்தை நிறுத்திவைப்பதற்கு. ஆகவே தடுப்பு வேலையும் சம்பளத்தில்தான் தொடங்க வேண்டும்.

‘எல்லோருக்கும் வங்கி வழியாகவே சம்பளம்’ என்று உத்தரவு போடுவது நல்ல முதல் படி. ஆனால் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் மேஸ்திரியிடம் இருந்தால், கணினியில் எல்லாம் சரியாகவே தெரியும். சில இடங்களில் முழுத் தொகையும் கணக்கில் ஏறும். மறுநாள் பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் போட்ட பதிவை மட்டும் பார்த்தால் இது சிக்காது, எடுத்த பதிவையும் பார்க்க வேண்டும். முப்பது அட்டைகளில் ஒரே இயந்திரத்தில், பத்து நிமிடத்துக்குள், அடுத்தடுத்து பணம் எடுத்திருந்தால் அவ்வளவையும் எடுத்தவர் ஒரே ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உணவு, தங்குமிடம், ‘நஷ்டஈடு’ என்று போடும் பிடித்தங்களையும் ஒப்பந்தத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆள்சேர்ப்புக் கட்டணம். நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் அதே அமைப்பின் 1997-ன் 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. பல நாடுகள் தடைக்குப் பதிலாக உச்சவரம்பு வைக்கின்றன. வரம்பு வைத்த மறுநாளே அது ரசீதில் வரும் தொகையாகிவிடும். மிச்சம் ரசீது இல்லாமல் கைமாறும். முழுத் தடை உள்ள இடத்தில் வேறு தந்திரம்: ‘நான் யாருக்கும் காசு கொடுக்கவில்லை’ என்று விமானம் ஏறுமுன் கேமரா முன்னால் சொல்ல வைப்பார்கள். அதனால் புறப்படும்போது கேட்பதில் பயனில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, முதலாளி தரப்பு இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். கொடுத்தது உறுதியானால் திருப்பித் தரும் பொறுப்பு வேலைக்கு அமர்த்திய நிறுவனத்துக்கே இருக்க வேண்டும். கீழ்மட்ட ஏஜென்ட்டைத் துரத்திப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

விசா விஷயத்தில் பிரிட்டன் நல்ல பாடம். வீட்டு வேலைக்கு வந்தவர் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையை 2012-ல் எடுத்துவிட்டார்கள். கண்டனம் எழுந்தபின் 2016-ல் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் விசாக் காலமோ ஆறே மாதம், நீட்டிப்பும் கிடையாது. இரண்டு மாதம் மிச்சமிருக்கும் ஆளை யார் வேலைக்கு எடுப்பார்? கத்தார் 2020-ல் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் திருத்தியது. பெரிய மாற்றம்தான். ஆனாலும் ‘ஓடிப்போனார்’ என்று முதலாளி ஒரு புகார் கொடுத்தாலே தொழிலாளி குற்றவாளியாகும் வழி எங்கே இருந்தாலும் மாறும் உரிமை காகிதத்தோடு நிற்கும்.

பணியிட ஆய்வில் நடக்கும் பெரிய தவறு, தொழிலாளர் ஆய்வாளரும் குடியேற்ற அதிகாரியும் ஒரே வண்டியில் வந்து இறங்குவது. அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு துறைக்கும் நடுவே தகவல் போகாமல் தடுப்பு வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நிறுவனம் தரக் கூடாது. பேச வேண்டியவர்களை ஆய்வாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். தேவைக்கு மேல் சிலரையும் சேர்த்துக் கூப்பிட்டால், யார் சொன்னது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ‘உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். ‘பாஸ்போர்ட் எங்கே? இப்போது எடுத்து வர முடியுமா?’, ‘போன விடுமுறை நாளில் எங்கே போனீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். தங்குமிடத்தைப் பகலில் பார்ப்பதும் வீண். வேலை முடிந்து ஆட்கள் திரும்பிய பிறகு போக வேண்டும். வீட்டு வேலையில் ஆய்வாளர் உள்ளே நுழைவதே சிக்கல் என்பதால், வார ஓய்வு நாளில் தொழிலாளியே அலுவலகத்துக்கு வந்து பேசும் ஏற்பாடு கூடுதல் பலன் தரும்.

கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்ற வகைச் சட்டங்களில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டப்படி ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ விற்றுமுதல் உள்ள நிறுவனம் அறிக்கை தர வேண்டும். ‘நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதினாலும் சட்டம் திருப்தியடைந்துவிடும்!

பிரேசில் வேறு வழியில் போனது. 1995 முதல் அங்கே நடமாடும் ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. அடிமை வேலை வாங்கியதாக நிர்வாக விசாரணையில் உறுதியான முதலாளிகளின் பெயர்ப் பட்டியலை அரசே வெளியிடுகிறது. வங்கிகள் கடன் கொடுக்குமுன் அதைப் பார்க்கின்றன. மீட்கப்பட்டவருக்கு 2002 சட்டத்தின்படி மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் ஒரு குறைந்தபட்ச மாதச் சம்பளம், வேலையில்லாக் கால உதவி கிடைக்கிறது. மீட்பு முடிந்து கையில் காசில்லாமல் ஊருக்குப் பஸ் ஏறுகிறவரை அதே ஏஜென்ட் அடுத்த பருவத்தில் முன்பணத்தோடு வந்து பார்ப்பார் என்பதால், இந்த மூன்று மாதப் பணத்தையும் தடுப்புச் செலவாகவே பார்க்க வேண்டும். சம்பளப் பாக்கியை வழக்கு முடியும்வரை தள்ளாமல், ஆய்வாளர்களே கணக்குப் போட்டு அங்கேயே முதலாளியைக் கொடுக்க வைக்கப் பார்க்கிறார்கள். வருகைப் பதிவேடு இல்லாத இடத்தில் எத்தனை மணி நேர வேலை என்பதை நிரூபிக்கும் சுமை முதலாளி மேல் இருந்தால்தான் இந்தக் கணக்கு அன்றைக்கே முடியும்.