அடைப்புக்குறியையும் சேர்த்து அடித்தவர்

உள்பயன்பாட்டு நிரல்களுக்குக் கையேடு எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. கட்டளையின் அமைப்பைக் காட்டும் வரியில் இடும் குறிகளைப் பற்றி நான் முழுமனத்தோடு யோசிக்கத் தொடங்கியது, ஒரு கோப்பு அழிந்த பிறகுதான். நான் எழுதிய வரி இது. பெயர்களை மட்டும் தமிழில் மாற்றியிருக்கிறேன்.

ஒப்பிடு <புதிய-பட்டியல்> பதிவேடு

கோண அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துவிட்டு உங்கள் கோப்பின் பெயரை இடுங்கள் என்பது பொருள். ‘பதிவேடு’ மாறாத பெயர் என்பதால் அதற்குக் குறி இடவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் கோப்பின் பெயரைச் சரியாக இட்டார். அடைப்புக்குறிகளையும் அப்படியே விட்டுவைத்தார். அடித்த கட்டளையைப் படித்து நிறைவேற்றும் ஷெல் என்ற நிரலுக்கோ அவை வேறு பொருள் தரும் குறிகள். முதல் குறி, உள்ளீட்டை இந்தக் கோப்பிலிருந்து எடு என்கிறது. அடுத்தது, வெளியீட்டைப் பதிவேட்டில் எழுது என்கிறது. அப்படி எழுதச் சொன்னால், நிரல் தொடங்குவதற்கு முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். நிரலோ தனக்குப் பெயர் எதுவும் வந்து சேரவில்லை என்று திரையில் பிழைச்செய்தி காட்டிவிட்டு நின்றது. பதிவேட்டின் அளவு 0 பைட்.

“நீங்கள் எழுதியிருந்தபடியேதான் அடித்தேன், சார்” என்றார். அவர் சொன்னது உண்மை. முந்தைய இரவின் காப்புப்பிரதியை மீட்டு, அன்றைய பதிவுகளை இருவருமாக உட்கார்ந்து மறுபடி சேர்த்தோம். இரண்டாவது பெயரையும் நான் கோண அடைப்புக்குறிக்குள் இட்டிருந்தால், > குறிக்குப் பின்னால் < வருவதைக் கண்டு ஷெல் இலக்கணப் பிழை என்று மறுத்திருக்கும், கோப்பு தப்பியிருக்கும். அந்த எண்ணம் பல நாள் என்னை விடவில்லை.

இந்தக் குறிகள் எங்கிருந்து வந்தன என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். நிரல்மொழியின் இலக்கணத்தை விவரிக்க ஜான் பேக்கஸ் 1959இல் ஒரு குறியீட்டு முறையை முன்வைத்தார். பீட்டர் நௌர் பதிப்பித்த, அல்கால் என்ற நிரல்மொழி பற்றிய 1960ஆம் ஆண்டு அறிக்கை அதைப் பரப்பியது. அங்கே கோண அடைப்புக்குறி, இலக்கணக் கூறு ஒன்றின் பெயரைச் சூழ்ந்து நிற்கும். தாளில் படிப்பதற்கான குறி அது. அதை யாரும் ஷெல்லில் அடிக்கப் போவதில்லை. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஷெல் அதே வடிவங்களை எடுத்து வேறு வேலை கொடுத்தது. 1971ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு, அடிக்கோடிட்ட சொற்களை அப்படியே அடிக்க வேண்டும், சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது கட்டாயமில்லை, முப்புள்ளி வந்தால் முன்னால் உள்ளதைத் திரும்பத் தரலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அந்த அறிமுகம் எனக்கு மிகவும் பிடிக்கும். என் கையேட்டில் அப்படி ஒரு பத்திகூட இல்லை.

தாளில் அடிக்கோடு நிலைக்கும். இன்று அதே வரியை நகலெடுத்து, கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ஒட்டுகிறார்கள். அடிக்கோடும் தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் வழியிலேயே உதிர்ந்துவிடும். அடைப்புக்குறிகள் மட்டும் உதிராமல் வந்து சேரும். கையேட்டில் ‘அல்லது’ என்று பொருள்படும் செங்குத்துக்கோடு (|) அங்கே ‘அல்லது’ ஆகாது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் பைப் ஆகிவிடும். சதுர அடைப்புக்குறியையோ ஷெல் கோப்புப் பெயர்களைத் தேடும் வடிவமாகப் படிக்கும்.

இப்போது நிரப்ப வேண்டிய இடங்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். கட்டளைகள் ஆங்கில எழுத்தில் இருப்பதால், எதை அப்படியே அடிக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. நகலெடுத்தாலும் அந்த வேறுபாடு அழிவதில்லை. கோண அடைப்புக்குறியை அடியோடு விட்டுவிட்டேன். ஒவ்வொரு அமைப்பு வரிக்குக் கீழேயும் உண்மையான கோப்புப் பெயர்களுடன், ஒட்டினால் ஓடக்கூடிய ஒரு வரியையும் தருகிறேன். சதுர அடைப்புக்குறிக்கு மாற்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அது சொல்லும் நுட்பம் அப்படிப்பட்டது. [அ] [ஆ] என்றால் இரண்டையும் தனித்தனியே விடலாம். [அ [ஆ]] என்றால் அ இல்லாமல் ஆ வர முடியாது. இதை வாக்கியத்தில் விளக்க இரண்டு வரி தேவைப்படும். படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

கையேட்டின் புதிய பக்கங்களை வெளியிடுவதற்கு முன், அன்று அடைப்புக்குறியையும் சேர்த்து அடித்த அதே நண்பரிடம் கொடுத்துவிடுகிறேன். அண்மையில் ஒரு வரியைக் காட்டி, “‘கோப்பு...’ என்றால் ஒன்றாவது கட்டாயம் வேண்டும் என்றுதானே பொருள்? உண்மையில் அப்படியா?” என்று கேட்டார். பெயர் எதுவும் தராமல் நிரலை ஓட்டிப் பார்த்தோம். பிழை எதுவும் வரவில்லை. விசைப்பலகையிலிருந்து உள்ளீட்டை எதிர்பார்த்து அது காத்திருந்தது. ‘[கோப்பு...]’ என்று திருத்தினேன்.