வெயிலிலும் அணியக்கூடிய பாதுகாப்பு

கோடையில் பைக்கில் நெடுந்தூரம் செல்பவர்களுக்கு நான் காற்று புகும் வலைத்துணியாலான மெஷ் ஜாக்கெட்டையே பரிந்துரைக்கிறேன்; வியர்வைக்கு அஞ்சி வீட்டில் தொங்கவிடப்படும் தடித்த தோல் ஜாக்கெட் யாரையும் காப்பதில்லை. ஆனால் எல்லா மெஷ்ஷும் ஒன்றல்ல. இ.என். 17092 என்னும் ஐரோப்பியத் தரநிலை, துணி உராய்வைத் தாங்குவதையும் தையலின் உறுதியையும் சோதித்து, ஆடைகளை உயர்ந்ததிலிருந்து ஏஏஏ, ஏஏ, ஏ முதலிய வகைகளாகப் பிரிக்கிறது. மெஷ் ஆடைகள் பலவும் ஏ வகையே என்பதால், ஏஏ கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் அதை வாங்கலாம்.

முதுகுப் பகுதியை மட்டும் தயவுசெய்து திறந்து பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கிறது. அதை அகற்றிவிட்டு, முதுகுக் காப்புகளுக்கான இ.என். 1621-2 தரநிலையின் இரண்டாம் நிலைக் காப்பைப் (மோதலின் விசையை உள்வாங்கும் அட்டை) பொருத்துங்கள். சோதனை மோதலில் முதல் நிலைக் காப்பு சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை விசையைக் கடத்த அனுமதி உண்டு, இரண்டாம் நிலைக்கோ 9 தான் வரம்பு. தோள், முழங்கைக் காப்புகள் நகராமல் நிற்கின்றனவா என்பதைக் கடையிலேயே பைக் ஓட்டும் நிலையில் அமர்ந்து பார்க்க வேண்டும். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

கனமான பொருள்களைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில், இருபுறமும் சமமாக வையுங்கள். பின்புறம் உயரமாக அடுக்கினால் முன்சக்கரத்தின் மீதுள்ள சுமை குறைந்து, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்புவதே கடினமாகிவிடும். பை சைலன்சரைத் தொடக்கூடாது; பட்டையின் நுனிகள் சக்கரத்தில் சிக்காதவாறு கட்டப்பட வேண்டும். பூட்டு, ஸ்பேனர் போன்றவற்றை முதுகுப்பையில் சுமப்பதை அறவே தவிருங்கள். விழும்போது அவை முதுகெலும்பில்தான் அழுந்தும்.