பருத்திக் காட்டு வீடு

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் சிறுவனாக வளர்ந்த வீடு, ஆர்கன்சா மாநிலத்தின் டையெஸ் என்னும் சிற்றூரில் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் நிலமிழந்து தவித்த உழவர் குடும்பங்களைக் குடியமர்த்த, அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் நிவாரணத் திட்டத்தின்கீழ் 1934இல் உருவான ஊர் அது. ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்களுக்கு ஒரு வீடும், சதுப்பைத் திருத்தி உழவேண்டிய இருபது முதல் நாற்பது ஏக்கர் வரையிலான நிலமும் ஒதுக்கப்பட்டன. 1935இல் கேஷ் குடும்பம் அங்கே குடியேறியபோது அவருக்கு மூன்று வயது.

ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் அந்த ஐந்தறை வீட்டை வாங்கி, கேஷின் உடன்பிறந்தோர் நினைவிலிருந்து சொன்னபடி அறைகளை அமைத்து, 2014இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும் களிமண் நிலம் என்பதால், வீட்டையே தற்காலிகமாக நகர்த்தி வைத்துவிட்டு அடித்தளத்தைச் சீரமைக்க வேண்டியிருந்தது. (நம் கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

புகழ்பெற்றவர்களின் நினைவில்லங்களில் விருதுகளும் மேடை உடைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுவதே வழக்கம். டையெஸ் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், அது பாடகரோடு அவரை உருவாக்கிய குடியிருப்பின் கதைக்கும் சம இடம் தருவதுதான். பருத்தி எடுத்த சிறுவயது உழைப்பு, 1937ஆம் ஆண்டு வெள்ளம், 1944இல் மர அறுவை விபத்தில் அண்ணன் ஜாக்கின் மரணம் ஆகியவற்றை அறியாமல் அவருடைய பாடல்களைப் பாதிதான் கேட்க முடியும். அந்த வெள்ளத்தை அவர் பின்னாளில் ஒரு பாடலாகவே பாடினார்.