800 ஸ்டெப்பும் 0.12 மில்லியும்

ஜூன் 8, 2024

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 3018 சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி கட்டரை நகர்த்தி வெட்டும் சின்ன மெஷின்) மேசைக்கு வந்துவிட்டது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். அதை ஓட்டும் டிரைவர் சர்க்யூட் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிப்பதால் 3,200. மோட்டார் திருப்பும் மரைக்கம்பியான லீட்ஸ்க்ரூ ஒரு சுற்றில் 4 மி.மீ. தள்ளும். ஆக மில்லிக்கு 800 ஸ்டெப், ஒரு ஸ்டெப் 0.00125 மி.மீ. இந்த எண்ணைத்தான் துல்லியம் என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். மெஷினிடம் எவ்வளவு பொடியாகக் கேட்கலாம் என்ற கணக்கு அது, அவ்வளவுதான். கட்டர் அங்கே போய் நிற்குமா என்பதைக் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 11

எக்ஸ் அச்சில் (இட-வல நகர்வு) டயல் கேஜ், அதாவது நூறில் ஒரு மில்லி அசைவையும் முள்ளால் காட்டும் அளவி. 0.01 வீதம் வலப்பக்கம் தள்ளினால் முள் கோடு கோடாக ஏறுகிறது. திசையைத் திருப்பினேன். திரையில் எண் குறைந்துகொண்டே போகிறது, முள் மட்டும் அசையவில்லை. 0.12 தாண்டிய பிறகுதான் இறங்க ஆரம்பித்தது. ஸ்க்ரூவுக்கும் பித்தளை நட்டுக்கும் நடுவே உள்ள ஆட்டம் அது. 96 ஸ்டெப் அங்கேயே காலி! ஆனால் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் எப்போதும் 0.01-க்குள் அதே இடத்தில் நிற்கிறது.

ஜூன் 12

டிரைவரை 32-க்கு மாற்றலாமா என்று லேத் பட்டறை அண்ணனிடம் கேட்டேன். “நட்டுல ஆட்டத்தை வச்சுக்கிட்டு மோட்டாரை ஏன்ப்பா நோண்டுற?” சரிதான். 16-லேயே ஒரு மைக்ரோஸ்டெப்புக்குக் கிடைப்பது மோட்டாரின் பிடிவிசையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. உராய்வு அதைவிட அதிகமென்றால், நாலைந்து ஸ்டெப் சேர்ந்தால்தான் நகரும்.

ஜூன் 15

எம்டிஎஃப் பலகையில் வட்டம் வெட்டினால், திசை மாறும் நான்கு இடங்களிலும் சின்னப் படி. மில்லிக்கான ஸ்டெப் எண்ணைக் கூட்டினால் சரியாகும் என்பார்கள். அதற்கு முன் 20, 60 மி.மீ. சதுரங்களை வெட்டி வெர்னியரில் பார்த்தேன். இரண்டிலும் ஏறக்குறைய அதே 0.1 சொச்சம்தான் குறைகிறது. ஸ்டெப் கணக்கு தப்பென்றால் 60-ல் மூன்று மடங்கு குறைந்திருக்கும். 800-ஐத் தொடவில்லை. மெஷினை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் இந்த ஆட்டத்தை (பேக்லாஷ்) ஈடுகட்டும் வசதியும் இல்லை.

ஜூன் 22

ஸ்பிரிங் வைத்த நட்டு போட்டதும் ஆட்டம் 0.03-க்கு இறங்கியது. அப்புறம் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலை விரலால் அழுத்திப் பார்த்தேன், முள் 0.15 ஓடுகிறது. அதைத் தாங்கும் இந்த மெல்லிய கம்பிகளுக்கு எந்த நட்டும் மருந்தில்லை. ஓரத்தில் 0.2 விட்டுவைத்துக் கடைசியில் மெல்லச் சீவுகிறேன். பிசிபி (சர்க்யூட் போர்டு) துளைகளுக்கு எல்லாவற்றையும் இடமிருந்தே அணுகும்படி ஜிகோடு (மெஷினுக்கான கட்டளை வரிகள்) எழுதியாயிற்று. 2.54 இடைவெளியில் ஐசி கால்கள் தட்டாமல் இறங்குகின்றன.