வரிசைக்கு நடுவே நுழைந்த 51 மின் திட்டங்கள்

அமெரிக்காவின் 13 மாநிலங்களிலும் வாஷிங்டன் நகரிலும் மின்தொகுப்பை இயக்கும் பிஜேஎம், இணைப்புக்காகப் பல திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, 2025-இல் சுமார் 11,800 மெகாவாட் திறனுள்ள 51 திட்டங்களை, மின்வழங்கலின் நம்பகத்தைக் காக்கவென்று தனியாகத் தேர்ந்தெடுத்து, காத்திருந்தவற்றோடு சேர்த்து ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. இந்த 51-இல் பெரும்பகுதி எரிவாயு நிலையங்கள். காத்திருந்தவற்றில் பெரும்பாலானவை சூரிய ஒளி, காற்றாலை, பேட்டரித் திட்டங்கள் என்பதால் இது அநீதி என்ற குரல் எழுந்தது.

மின்வெட்டு நாட்களில் படித்து வளர்ந்தவன் என்பதால், மின்சாரம் போதாமல் போய்விடுமோ என்ற பிஜேஎம்மின் அச்சம் எனக்குப் புரிகிறது. வர்ஜீனியாவில் டேட்டா சென்டர்கள் பெருகப் பெருகத் தேவை ஏறுகிறது. பழைய நிலக்கரி நிலையங்களோ மூடப்படுகின்றன. அவசர நேரத்தில் கைகொடுக்கும் திறனுக்கான ஏலத்தில், ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலராக இருந்த விலை, 2024 ஜூலையில் 269.92 டாலராக உயர்ந்தது. அந்தச் சுமை கடைசியில் வீட்டுக் கட்டணத்தில்தான் வந்து விழும்.

ஆயினும் 'நம்பகம்' என்ற சொல்லை எரிபொருளின் பெயரை வைத்து மட்டும் அளக்கலாகாது. 2022 டிசம்பரில் எலியட் குளிர்ப்புயல் வீசியபோது பிஜேஎம் பகுதியில் 46,000 மெகாவாட்டுக்கும் அதிகமான திறன் திடீரெனச் செயலிழந்தது. அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு எரிவாயு நிலையங்களுடையது. இயந்திரங்கள் உறைந்தன, குழாய்களில் எரிவாயுவும் போதிய அளவு வரவில்லை. அதன் பிறகே பிஜேஎம், நெருக்கடி நேரத்தில் ஒவ்வொரு வகை நிலையமும் உண்மையில் எவ்வளவு தரும் என்று கணக்கிடும் முறையை இறுக்கியது. அந்த அளவுகோலின்படியும் சூரிய ஒளிக்குக் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு. குளிர்கால விடியலில் வெயில் இல்லை என்பதை மறுக்க முடியாது.

இந்த 51-இல் 39 திட்டங்கள், ஏற்கெனவே உள்ள நிலையங்களின் திறனைக் கூட்டுபவை. அவற்றை முன்னே விடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. நிலம், மின்தடம், ஆட்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. எஞ்சிய 12 புதிய நிலையங்களில் எரிவாயுவை நம்பியவை, கடுங்குளிரிலும் எரிபொருள் தடையின்றி வரும் என்பதற்கு உறுதியான ஒப்பந்தத்தையோ, மாற்று எண்ணெய்க்கான சேமிப்புத் தொட்டியையோ காட்டிய பிறகே இணைப்பைப் பெற வேண்டும்.