இரவில் நம்பர் பிளேட் தெரிய வேண்டும்: எங்கள் வாகன நிறுத்துமிடத்துக்குக் கேமரா தேர்ந்தெடுத்த அனுபவம்

இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வெளியே வந்த சக ஊழியர் ஒருவரின் காரில் பின்கதவு நசுங்கிக் கிடந்தது. இடித்தவர் நிற்காமல் போய்விட்டார். வாயிலில் ஏற்கெனவே ஒரு கேமரா இருந்ததால் நம்பிக்கையோடு பதிவை ஓட்டிப் பார்த்தோம். ஒரு வண்டி வெளியேறுகிறது; நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஓர் ஒளித்திட்டு மட்டும் தெரிகிறது. “அப்படியானால் அந்தக் கேமராவை எதற்கு மாட்டினோம்?” என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. புதிய கேமராக்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அன்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒதுக்கப்பட்ட தொகை சிறியது. அதற்குள் அடங்கும் 8 மெகாபிக்சல் கேமராக்கள் இரண்டை வாங்கி, கட்டடத்தின் இரு முனைகளிலும் உயரத்தில் மாட்டிவிடலாம் என்பதுதான் என் முதல் திட்டம். அதை நிறுத்தியது ஒரு தாளில் போட்ட கணக்கு.

கேமரா எவ்வளவு அகலத்தைப் பார்க்கும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடுவது எளிது: தூரத்தை சென்சாரின் (ஒளியைப் படமாக்கும் சில்லு) அகலத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். விலை குறைந்த கேமராக்கள் பலவற்றில் சென்சார் சுமார் 5 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, லென்ஸ் 2.8 மில்லிமீட்டர். 20 மீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 36 மீட்டர் அகலத்தைக் காட்டும். 4 மெகாபிக்சல் படத்தின் குறுக்கே 2,560 புள்ளிகள்தான் (பிக்சல்கள்) உள்ளன. அவற்றை 36 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 71 புள்ளிகள். அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்கிறது கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐரோப்பியத் தரநிலை. முன்பே தெரிந்தவரை இனங்காண 125. 8 மெகாபிக்சலுக்குப் போனாலும் எனக்குக் கிடைப்பது 107தான். அதே 20 மீட்டரில் 12 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் பார்வை சுமார் 8 மீட்டராகச் சுருங்கி, 4 மெகாபிக்சலிலேயே 300 புள்ளிகளைத் தாண்டுகிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாபிக்சலைவிட, சிறிய எழுத்தில் இருக்கும் லென்ஸ் அளவுதான் எனக்கு முக்கியம் என்று அப்போது புரிந்தது.

அதன் பிறகு, ஒவ்வொரு கேமராவும் எந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். எந்த வண்டி வந்து போனது? யார் நடந்து வந்தார்? நிறுத்தும் வரிசைகளில் என்ன நடந்தது? மூன்றையும் ஒரே கேமராவிடம் கேட்கக் கூடாது. முதல் கேள்விதான் எங்களைக் கைவிட்டது என்பதால் அதிலேயே அதிக நேரம் செலவிட்டேன்.

நம்பர் பிளேட் ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருளால் ஆனது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு அதன்மேல் பட்டு அப்படியே திரும்பி வரும்போது எழுத்துகள் வெண்மையில் கரைந்துவிடுகின்றன. ஹெட்லைட் வேறு கண்ணைக் கூசும். ஓடும் வண்டி என்றால் எழுத்துகள் இழுபடவும் செய்யும். இதற்கு வழி, ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை, நாமே 1/500 நொடி அல்லது அதைவிட விரைவாகப் பூட்டிவைப்பது. ஆகவே தானியங்கி அமைப்பு மட்டுமே உள்ள கேமராக்களை ஒதுக்கினேன். அப்படிப் பூட்டினால் இரவில் பிளேட்டும் விளக்குகளும் தவிர மற்றதெல்லாம் இருட்டாகிவிடும். வண்டியின் நிறமோ உள்ளே இருப்பவரோ தெரியமாட்டார்கள். எனவே வாயிலுக்கு இரண்டு கேமராக்கள்: பிளேட்டுக்காகக் குறுகிய பார்வை கொண்ட ஒன்று, பொதுக் காட்சிக்காக அகன்ற பார்வை கொண்ட ஒன்று. ஒரே இடத்துக்கு இரண்டா என்று நிர்வாகம் தயங்கியது. பழைய பதிவையே மறுபடி போட்டுக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்கள்.

அந்தச் செலவை வேறு இடங்களில் ஈடுகட்டினேன். சுழலும் கேமராவைக் கைவிட்டேன். அதைத் திருப்ப ஆள் இல்லாவிட்டால், நடக்க வேண்டாதது நடக்கும் நேரத்தில் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓடும் கேமராவும் வேண்டாம். அவற்றில் பல, அசைவை உணர்ந்து விழித்துக்கொள்வதற்குள் வண்டி கடந்துவிடும். மாதச் சந்தா கேட்பவற்றையும் விட்டுவிட்டேன். மழைக்கும் தூசிக்கும் ஐபி66 என்ற பாதுகாப்புத் தரம் போதும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் கேபிள். இதைப் பட்டுத்தான் கற்றேன். சோதனைக்காக மாட்டிய முதல் கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடியது. இருட்டியதும் அணைந்து அணைந்து எரிந்தது. இரண்டு இரவுகள் கேமராவையே சந்தேகித்தேன். குற்றவாளி, தாமிரம் பூசிய அலுமினியக் கம்பி. தரவையும் மின்சாரத்தையும் ஒரே கேபிளில் அனுப்பும்போது, அலுமினியத்தின் கூடுதல் மின்தடையால் மின்னழுத்தம் குறைகிறது. அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கிக் கூடுதல் மின்சாரம் கேட்டதும் கேமரா தாங்காமல் மறுதொடக்கம் ஆகிறது. முழுத் தாமிரக் கேபிளை இழுத்தபின் சிக்கல் தீர்ந்தது. இந்த இணைப்புக்கு 100 மீட்டர்தான் எல்லை. எங்கள் கடைசிக் கம்பம் அதற்கு அப்பால் இருந்ததால், நடுவில் மழைபுகாப் பெட்டிக்குள், தரவை வாங்கி மேலே அனுப்பும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்தோம். இடி மின்னலுக்குப் பாதுகாப்புக் கருவியும் சேர்த்தோம்.

சேமிப்புக் கணக்கும் முன்கூட்டியே போட வேண்டியது. நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிகாபைட். ஐந்து கேமராக்களுக்கு 30 நாள் வைத்திருக்க ஆறரை டெராபைட் தேவை. 8 டெராபைட் வட்டு வாங்கினோம். கீறலைப் பத்து நாள் கழித்துக் கவனிப்பவர்கள் உண்டு. ஒரு வாரப் பதிவு அவர்களுக்கு உதவாது.

மாட்டும் நாளில் முதலில் செய்தது கடவுச்சொற்களை மாற்றியது. ஆலையில் வைத்த கடவுச்சொல்லோடு விட்டுவைத்த கேமராக்கள் உள்ளிட்ட கருவிகளைத்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. ஊழியர் நடைபாதைக் கேமராவை மூன்று மீட்டர் உயரத்தில் நிறுத்தினேன். அதற்கு மேலே போனால் முகத்துக்குப் பதில் உச்சந்தலைதான் கிடைக்கும். பதிவாகிறது என்ற அறிவிப்புப் பலகையையும் வாயிலில் வைத்தோம். அன்றிரவு என் காரையே நான்கு முறை உள்ளே ஓட்டிவந்து, ஹெட்லைட்டை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். நான்கு முறையும் பிளேட்டைப் படிக்க முடிந்தது.

மழைக்குப் பிறகு ஒரு கேமராவின் முன் சிலந்தி வலை கட்டியிருந்தது; அகச்சிவப்பு ஒளியில் அது திரைபோல் வெளுத்து நின்றது. இப்போது மாதம் ஒருமுறை ஏணி போட்டுத் துடைக்கிறோம்.

மரத்தடி மூலை மட்டும் இன்னும் சரியாகவில்லை. இரவுப் பணிப் பெண்கள் வண்டி நிறுத்தும் இடம் அது. ஆறாவது கேமரா போடலாமா என்று கேட்டார்கள். அங்கே முதலில் வேண்டியது விளக்கு என்று சொன்னேன். அவர்கள் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், அதைக் கேமரா கொடுக்காது. கம்பம் நடக் குழி தோண்டியாயிற்று. விளக்கு எரியத் தொடங்கியதும் மூன்றாம் கேமராவின் கோணத்தைச் சற்றுத் தாழ்த்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் அந்த ஒளி நேராக லென்ஸில் விழும்.