பால்வெட்டு நேரம்

ஜனவரி 6, திங்கள்
மணி மூன்று. அப்பா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போய்விட்டார். நான் இன்னும் தூங்கவில்லை.

ஜனவரி 8, புதன்
மனநல மருத்துவரைப் பார்க்கப் போனில் விசாரித்தேன். பதினெட்டு ஆகவில்லையென்றால் வீட்டிலிருந்து ஒருவர் கூட வரவேண்டுமாம். இன்னும் 20 நாள்.

ஜனவரி 12, ஞாயிறு
சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "இவளை ஊளம்பாறையில்தான் கொண்டு விடவேண்டும்" என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். திருவனந்தபுரத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. எங்கள் பக்கத்தில் வசவு. சின்ன வயதில் நானும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன், பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து. அவள் கிணற்றடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவள் யாரிடமாவது போயிருப்பாளா? நான் சொன்னதால்தான் போகாமல் இருந்துவிட்டாளா?

ஜனவரி 13
அந்தக் குடம்.

ஜனவரி 17, வெள்ளி
மார்த்தாண்டத்திலேயே ஒருவர் பார்க்கிறார். ஆனால் மாடிப்படி ஏறுவது எதிர்க்கடை வரை தெரியும். சிகிச்சை விவரம் வெளியே போகக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. என் பயம் மருத்துவரிடம் இல்லை, பஸ் நிலையத்தில் நிற்கும் மாமிகளிடம். அதனால்தான் கேரள எல்லை தாண்டுகிறேன். அங்கே மலையாளம். "எனிக்கு உறக்கம் வருந்நில்ல" என்று சொல்லிப் பழகினேன். சரியாக வருகிறது. "ஒருமாதிரி இருக்கிறது" என்பதை எப்படிச் சொல்வேன்?

ஜனவரி 21, செவ்வாய்
மூன்று மணிக்கு 14416, மனநல உதவி எண். மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். இரண்டு முறை வைத்துவிட்டேன். மூன்றாவது முறை "ஒருமாதிரி இருக்கிறது" என்றேன். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. "எந்த மாதிரி, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அழுதேன். ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் விளக்கு நகராமல் நின்றது.

ஜனவரி 22
அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு
அம்மா ஜெபித்த எண்ணெயை நெற்றியில் பூசினாள். "கண்ணேறுதான் மக்களே, சரியாகிவிடும்." அவள் விரல் நடுங்கியது. அவளுக்கும் பயம்.

ஜனவரி 27
பாடப் புத்தகத்துக்குள் ஐந்நூறு ரூபாய். ரப்பர் பால் மணம்.

ஜனவரி 28, செவ்வாய்
களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூர் பஸ். பாறசாலை தாண்டும்வரை தலை நிமிரவில்லை. இங்கே மருத்துவரிடத்தில் கொடுத்த தாள் முழுவதும் மலையாள எழுத்து, எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்திலிருந்த பையன் வாசித்துச் சொன்னான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். டோக்கன் 7. ஐந்தாவது ஆள் உள்ளே